கொலைகாரனின் முகமும் முதலாண்டுப் புள்ளியியலும்

நான் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கச் சேர்ந்த புதிதில், பெரியப்பா ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "உளவு பாக்குற வேலையாம்மா? அதை இப்படி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியலாமா?" என்று கேட்டார். உளவியலும் உளவும் அவர் காதில் ஒன்றாக விழுந்திருக்கின்றன. நான் எவ்வளவு விளக்கியும் அவர் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை.

அது நடந்து பதினைந்து வருடம் இருக்கும். போன மாதம் அண்ணன் மகன் கவின் சிங்கப்பூர்த் தேசிய சேவை முகாமிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் அறிவித்தான்: "அத்தை, நான் கிரிமினல் சைக்காலஜி படிக்கப் போறேன்." தோசை வார்த்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்து, "அவ்வளவு படிச்சிட்டு கடைசில ஜெயிலுக்கா போகப் போற?" என்றார்.

அந்தப் படிப்பில் என்ன இருக்கும் என்று நினைக்கிறாய் என்று அவனைக் கேட்டேன். முகத்தைப் பார்த்தே ஒருவன் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிப்பது, தொடர் கொலைகாரன் அடுத்து என்ன செய்வான் என்று முன்கூட்டியே சொல்வது என்றான். இந்தத் துறையால் மிகக் குறைவாகச் செய்ய முடிகிற இரண்டு காரியங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருந்தான். தொடர் நாடகங்கள் பார்த்துவிட்டு இதே ஆசையோடு வருகிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக் கவலைப்படுகிற பெற்றோருக்கும்தான் இது.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். குற்றவியல் என்பது பெரும்பாலும் சமூகத்தைப் பார்க்கிறது: எந்தக் காலத்தில், எந்தச் சூழலில் குற்றம் கூடுகிறது, சட்டம் அதை எப்படிக் கையாள்கிறது என்று. குற்ற உளவியல் ஆளைப் பார்க்கிறது. அந்த ஆள் குற்றம் செய்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பார்த்த சாட்சி, பறிகொடுத்தவர், விசாரிக்கிற அதிகாரி, தீர்ப்பு எழுதுகிற நீதிபதி, தண்டனை முடிந்து வெளியே வருகிறவர் என்று அந்தச் சங்கிலியில் வருகிற எல்லாருடைய மனமும் இதற்குள் அடக்கம். மனநல மருத்துவர் வேறு. அவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதித் தருவார். உளவியலாளர் சோதனைகள் நடத்துவார், பேசுவார், மதிப்பிடுவார். மருந்துச் சீட்டு எழுத மாட்டார்.

தடயவியல் உளவியல் என்று இன்னொரு பெயரும் காதில் விழும். இந்த மொழிபெயர்ப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தடயவியல் என்றதும் கைரேகையும் ரத்தக் கறையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 'ஃபொரென்சிக்' என்ற சொல் பிறந்தது 'ஃபோரம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. பண்டைய ரோமில் வழக்குகள் நடந்த பொதுவெளி அது. நீதிமன்றத்துக்குப் பயன்படுகிற உளவியல் என்பதே பொருள். பெயர் ஊன்றிவிட்டது, இனி மாற்ற முடியாது. பொருளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கவினின் முதல் ஆசைக்கு வருவோம். பொய்யை முகத்தில் படிக்க முடியுமா? 2006-இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 'இவர் சொல்வது பொய்யா, மெய்யா' என்று தீர்ப்புச் சொன்ன தரவு அது. அவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். பொய்யோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிற தொழில்காரர்களும் இதைப் பெரிதாக விஞ்சவில்லை.

ஏன் என்று யோசித்தால் வியப்பில்லை. கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய்யன் என்கிறார்கள். நம் வீடுகளில் பெரியவர் திட்டும்போது நிமிர்ந்து கண்ணுக்கு நேரே பார்க்கிற பிள்ளைக்குத்தான் இரண்டாவது திட்டு விழும். தலையைக் குனிந்துகொள்வது நமக்கு மரியாதை. அதே குனிந்த தலை விசாரணை அறையில் குற்றத்தின் அடையாளமாக மாறிவிட்டால்?

முகத்தை நம்புகிற இந்தப் பழக்கத்துக்கு ஒருகாலத்தில் அறிவியல் என்ற பெயரே இருந்தது. செசாரே லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர் கைதிகளின் தாடை, காது, மண்டையோடு எல்லாவற்றையும் அளந்து, பிறவியிலேயே குற்றவாளிகள் உண்டு, உடலைப் பார்த்தே அவர்களை அறியலாம் என்று 1876-இல் நூல் வெளியிட்டார். பிற்பாடு மற்றவர்கள் கைதி அல்லாத சாதாரண ஆட்களையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தக் கூற்று நிற்கவில்லை.

இதை வகுப்பில் கேட்டபோது எனக்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காட்சிதான் ஞாபகம் வந்தது. கோவலனைப் பார்த்த காவலர்கள் தயங்குகிறார்கள். இவனுடைய தோற்ற இலக்கணத்தைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அவர்கள் சொன்னது சரிதான், ஆனால் சொன்ன காரணம் லொம்ப்ரோசோவின் காரணம். பொற்கொல்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு அவர்களுக்கு ஒரு பாடமே நடத்துகிறான். கள்வர்கள் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்ற எட்டை நம்பித் தொழில் செய்பவர்கள், இவனும் அப்படித்தான் என்கிறான். கேட்பதற்கு எவ்வளவு நிபுணத்துவமாக இருக்கிறது! இந்தக் கோவலன்தான் எடுத்தான் என்பதற்கு அதில் ஒரு வரிகூடச் சான்று இல்லை. சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தது அவன் செத்த பிறகு. முதலில் முடிவுக்கு வந்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற சான்றுகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் இந்தக் கோளாறு, விசாரணை உளவியலில் இன்றைக்கும் முதல் சில வாரங்களில் வந்துவிடுகிற பாடம்.

அப்படியானால் குற்றவாளி எப்படிப்பட்டவன் என்று ஊகித்து மனச் சித்திரம் வரைவது முழுக்கப் பொய்யா என்றால், இல்லை. அமெரிக்காவின் எஃப்பிஐ 1972-இல் தன் நடத்தை அறிவியல் பிரிவைத் தொடங்கியது. அதன் அதிகாரிகள் சிறையிலிருந்த 36 கொலையாளிகளைப் பேட்டி கண்டு வகைப்படுத்தினார்கள். நாடகங்கள் பிறந்தது இந்த மண்ணிலிருந்துதான். 36 பேர், அதுவும் பேச ஒப்புக்கொண்டவர்கள். அதை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பிரிட்டனில் டேவிட் கேன்டர் என்ற உளவியலாளர் வேறு வழியில் போனார். லண்டன் ரயில் நிலையங்களை ஒட்டி நடந்த தொடர் தாக்குதல்களில், 1986-இல் சம்பவ இடங்களை வரைபடத்தில் வைத்து, இந்த ஆள் எந்தப் பகுதியில் குடியிருப்பான், ரயில் பாதைகளை எவ்வளவு அறிந்தவன் என்று கணித்தார். பிடிபட்ட ஜான் டஃபி அந்தப் பகுதியில் குடியிருந்தவன். ரயில்வேயில் தச்சனாக வேலை பார்த்தவன். மனத்தின் இருண்ட மூலைகளைத் துழாவுவதைவிட, ஒருவன் எங்கே வசிக்கிறான், எந்த வழியாக வேலைக்குப் போகிறான் என்பது அதிகம் உதவியது.

சிங்கப்பூருக்கு இதெல்லாம் எவ்வளவு தேவைப்படும் என்பது வேறு விஷயம். 2012-இலிருந்து வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புளோக்குகளில் மின்தூக்கித் தளங்களிலும் வாகன நிறுத்தங்களிலும் போலீஸ் கேமராக்கள் பொருத்தப்பட்டுவருகின்றன. இந்தத் தீவில் ஆளைக் கண்டுபிடிக்க மனச் சித்திரம் வரைகிற கட்டம் அபூர்வமாகத்தான் வரும்.

ஆனால் குற்ற உளவியல் இங்கே கண்ணுக்கு எதிரிலேயே நிற்கிறது. பேரங்காடி வாசலில் ஆளுயர அட்டைப் போலீஸ்காரரைப் பார்த்திருப்பீர்கள். கடையில் திருடுவது குற்றம் என்று கையில் அறிவிப்போடு நிற்பார். சின்ன வயதில் கவின் அவரோடு படமெல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறான். 1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்க்கஸ் ஃபெல்சன் என்ற இருவர், ஒரு குற்றம் நடக்க மூன்று சேர வேண்டும் என்றார்கள்: செய்யத் துணிந்த ஒருவர், கைக்கெட்டும் பொருள், தடுக்கக்கூடியவர் யாரும் இல்லாத நேரம். மூன்றில் ஒன்று விலகினாலும் நடக்காது. அட்டைப் போலீஸ் அந்த மூன்றாவது இடத்தில் நிற்கிறார். அவர் அட்டை என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும், ஷாம்பு பாட்டிலைப் பைக்குள் நழுவவிடலாமா என்று கை ஊசலாடுகிற அந்த ஒரு நொடியில், 'யாரோ பார்க்கிறார்கள்' என்ற நினைப்பைத் தட்டி எழுப்பினால் போதும். கவனியுங்கள், இங்கே குற்றவாளி என்று தனிப் பிறவி யாரும் இல்லை. சந்தர்ப்பமும் சபலமும்தான் இருக்கின்றன.

இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சாட்சியின் நினைவாற்றல். நினைவு என்பது கைப்பேசியில் எடுத்த காணொளி போல, மறுபடி ஓட்டினால் அதே படம் வரும் என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். பிறகு வேகம் என்ன இருக்கும் என்று கேட்டார்கள். சிலரிடம் 'கார்கள் இடித்துக்கொண்டபோது' என்றும், வேறு சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்றும் கேள்வியில் ஒரு வினையை மட்டும் மாற்றினார்கள். கடுமையான சொல்லைக் கேட்டவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். அது போகட்டும். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டபோது, கடுமையான சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். மென்மையான சொல்லைக் கேட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

நான் அன்று சாப்பாட்டுக்குப் பிறகு இதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது, விளையாட்டுதான். தெம்பனிஸ் பக்கம் ஒரு டாக்ஸியும் வேனும் முட்டிக்கொண்ட பத்து நொடிக் காணொளி ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. அதைக் காட்டிவிட்டு அண்ணனிடம் தனியாக, "டாக்ஸி வேனை உரசினப்போ வேகம் என்ன இருக்கும்?" என்று கேட்டேன். அண்ணியிடம், "டாக்ஸி வேன் மேல போய் மோதினப்போ?" அண்ணன் முப்பது என்றார், அண்ணி அறுபது என்றார். இதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணி அவராகவே, "சிவப்பு விளக்குல நிக்காம வந்தான் பாரு" என்று சேர்த்துக்கொண்டார். காணொளியில் சாலை விளக்கே கிடையாது. மறுபடி ஓட்டிக் காட்டினேன். "நீ வேற எதையோ காட்டுற" என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணி பொய் சொல்லவில்லை. டாக்ஸி மோதியது என்றால் யாராவது விதியை மீறியிருக்க வேண்டும் என்று மனம் கதையை நிரப்பிக்கொண்டது, நிரப்பியதைப் பார்த்ததாகப் பதிந்துகொண்டது.

வீட்டில் இது சிரிப்பு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984-இல் ஒரு பெண், தன்னைத் தாக்கியவனின் முகத்தைத் தாக்குதல் நடக்கும்போதே மனப்பாடம் செய்வதுபோல் உற்றுப் பார்த்து வைத்துக்கொண்டார். பிறகு ரொனால்ட் காட்டன் என்பவரை உறுதியாக அடையாளம் காட்டினார். காட்டன் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 1995-இல் மரபணுச் சோதனை, செய்தவன் வேறொருவன் என்று காட்டியது. எத்தனை உறுதியாகச் சொன்னாலும் அந்த உறுதியே சான்று ஆகிவிடாது. அடையாள அணிவகுப்பை நடத்துகிற அதிகாரிக்கு யார் மேல் சந்தேகம் என்பது தெரியாமல் இருப்பது நல்லது, 'அவன் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்' என்று சாட்சியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்ற பரிந்துரைகள் எல்லாம் இந்த ஆராய்ச்சிகளிலிருந்து வந்தவை.

விசாரணை அறைக்கும் இதே கதைதான். செய்யாத குற்றத்தை யாராவது ஒப்புக்கொள்வார்களா என்று கேட்போம். ஒப்புக்கொள்வார்கள். களைப்பு, பயம், 'ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போகலாம்' என்ற நினைப்பு, சின்ன வயது, அறிவுத்திறன் குறைபாடு, இவை போதும். பிரிட்டனில் 1970-களில் குண்டுவெடிப்பு வழக்குகளில் ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் தண்டிக்கப்பட்டவர்கள் 1989-லும் 1991-லும் நிரபராதிகளாக வெளியே வந்தார்கள். அதன் பிறகு அங்கே ஒப்புக்கொள்ள வைப்பதைவிட்டுத் தகவல் சேகரிப்பதை நோக்கமாகக் கொண்ட விசாரணை முறையைக் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரில் சந்தேக நபரின் வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிவு செய்ய 2018-இல் சட்டத்தில் வழி செய்யப்பட்டது. அறிவுத்திறன் குறைபாடோ மனநலச் சிக்கலோ உள்ளவர்களை விசாரிக்கும்போது, பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் கூட உட்கார்ந்திருக்கும் ஏற்பாடும் இருக்கிறது. சிறுவர்களுக்கும் உண்டு. கேள்வி புரிந்ததா, பதற்றம் கூடுகிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. உளவியல் படிக்கிற மாணவர்கள் இதில் சேர்ந்தால் பாடநூலில் இல்லாதது நிறையத் தெரியவரும்.

நீதிமன்றம் பற்றிய அத்தியாயத்தில் நம்மூர் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். பாடநூல்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவதால், ஜூரிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். சிங்கப்பூரிலோ ஜூரி முறையை நீக்கும் சட்டம் 1969 கடைசியிலேயே நிறைவேறிவிட்டது. அதற்குப் பின்னணியே ஓர் உளவியல் பாடம்தான். 1950-இல் நடந்த மரியா ஹெர்டோக் கலவரத்தில் ஒரு விமானப்படை அதிகாரியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வருக்காக வாதாடியவர், பின்னாளில் பிரதமரான இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களைத் தப்பவைத்தார். ஜூரிகளின் மனத்தைத் தன்னால் அவ்வளவு எளிதாகத் திருப்ப முடிந்ததே, அந்த முறையில் தனக்கு நம்பிக்கை போனதற்குக் காரணம் என்று பின்னாளில் சொன்னார்.

இங்கே நீதிமன்றத்துக்கு உளவியல் போய்ச் சேர்வது அறிக்கைகளாக. மனநலக் கழகத்து மருத்துவர்களின் அறிக்கை, உளவியலாளரின் அறிவுத்திறன் சோதனை, இளையர் குற்றவாளி என்றால் குடும்பப் பின்னணி பற்றிய மதிப்பீடு. மனநோய்தான் குற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று தெரிந்தால், சில வகைக் குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகக் கட்டாய சிகிச்சை உத்தரவு போட 2011-இலிருந்து வழி உண்டு. மனநோய் இருந்தாலே தப்பித்துக்கொள்ளலாம் என்று காப்பிக்கடையில் பேசிக்கொள்வார்கள். அப்படியில்லை. அந்த நோய்க்கும் அந்தச் செயலுக்கும் தொடர்பு இருந்ததா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான வழக்குகளில் அந்தத் தொடர்பைக் காட்டுவது லேசான காரியமில்லை.

போகிற போக்கில் ஒன்று. மனநோயாளி வேறு, இரக்கமோ குற்ற உறுத்தலோ இல்லாத 'சைக்கோபாத்' வேறு. பின்னதை மதிப்பிட கனடாவின் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியலில் 20 கூறுகள், மொத்தம் 40 மதிப்பெண். வட அமெரிக்காவில் 30-ஓ அதற்கு மேலோ வந்தால்தான் அந்தப் பெயர். பயிற்சி பெற்றவர்கள் கோப்புகளைப் படித்து, நேரில் பேசி, மணிக்கணக்கில் செய்வது அது. உங்கள் மேலதிகாரிக்கு நீங்களே மதிப்பெண் போடுவதற்காக உருவானதில்லை.

அண்ணி பயந்த ஜெயிலுக்கு இப்போது போவோம். சிங்கப்பூரில் குற்ற உளவியல் படித்தவர்கள் அதிகம் வேலை செய்கிற இடங்களில் சாங்கி சிறையும் ஒன்று. அங்கே கவின் கற்பனை செய்கிற தொடர் கொலைகாரர்கள் இல்லை. கைதிகளில் பெரும்பாலோர் போதைப்பொருள் தொடர்பாக உள்ளே வந்தவர்கள், அவர்களில் பலர் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வந்தவர்கள். உளவியலாளர் கேட்கிற கேள்வி: இவர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார், அதில் எதை மாற்ற முடியும்?

இதற்குக் கனடாவில் 1990 வாக்கில் டான் ஆண்ட்ரூஸ், ஜேம்ஸ் பொன்டா முதலியோர் வகுத்த ஒரு சட்டகம் பல நாட்டுச் சிறைகளில் புழங்குகிறது. மூன்று கேள்விகள்தான். மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து எவ்வளவு? அந்த ஆபத்தைத் தூண்டுபவற்றில் மாற்றக்கூடியது எது? இவருக்கு எந்த வழியில் சொன்னால் ஏறும்? ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயது, மூன்று முறை உள்ளே போயிருக்கிறார், பழைய கூட்டாளிகள் அதே புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், வேலை நிலைப்பதில்லை, அம்மா மட்டும் விடாமல் வந்து பார்க்கிறார். மூன்று முறை உள்ளே போனதை இனி மாற்ற முடியாது. கூட்டாளிகள், வேலை, மாலை ஆறு மணிக்கு மேல் என்ன செய்கிறார், 'எல்லாரும் செய்றதுதானே' என்கிற நினைப்பு, இவற்றை மாற்றப் பார்க்கலாம். அம்மா ஒரு பிடிமானம். நீண்ட விரிவுரை இவருக்கு ஏறாது என்றால் நடித்துக் காட்டிப் பழக்க வேண்டும்.

இதில் பலருக்கும் நம்பக் கடினமாக இருப்பது, ஆபத்து குறைந்தவருக்குத் தீவிரப் பயிற்சி கொடுத்தால் நல்லதைவிடக் கெடுதலே வரலாம் என்பது. முதல்முறை சின்னத் தப்புச் செய்த பையனைக் கைதேர்ந்தவர்களோடு ஒரே வட்டத்தில் மாதக்கணக்கில் உட்காரவைத்தால் அவன் எதைக் கற்றுக்கொண்டு வருவான்? அதேபோல், 'ஒரு தடவை ஜெயிலைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு, பயத்துல திருந்திடுவான்' என்பது நம் மாமாக்களின் நிரந்தர ஆலோசனை. அமெரிக்காவில் அதையே திட்டமாக நடத்திப் பார்த்தார்கள். முறையான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் போகாத பிள்ளைகளைவிட அதிகமாகத்தான் குற்றத்தில் விழுந்தார்கள்.

சிங்கப்பூரில் விடுதலையாகி இரண்டு ஆண்டுக்குள் மறுபடி சிறைக்குத் திரும்பியவர்கள் 1990-களின் கடைசியில் நாற்பது சதவீதத்துக்கு மேல். அண்மை ஆண்டுகளில் அது இருபது சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. உளவியல் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். விடுதலையானவர்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கச் சொல்லி 2004-இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம், வேலை கொடுக்க முன்வந்த முதலாளிகள், வீட்டில் கதவைத் திறந்துவைத்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்ததுதான்.

என்னைக் கேட்டால் அடுத்த தலைமுறைக்கு இந்தத் துறையில் வேலை காத்திருப்பது சிறையைவிட மோசடியில். 2024-இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோனது 1.1 பில்லியன் வெள்ளிக்கு மேல். ஏமாந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். மோசடிக்காரர் செய்வதைப் பாருங்கள்: அதிகாரியின் குரல், உடனே செய்யாவிட்டால் கைது என்ற அவசரம், வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்ற ரகசியம். யோசிக்க நேரம் தராமல், கலந்து பேச ஆளும் இல்லாமல் செய்துவிட்டால், பட்டதாரியும் பாட்டியும் ஒன்றுதான். இதைவிட விநோதம், காவல்துறையே வந்து இது மோசடி என்று சொன்னாலும் சிலர் நம்புவதில்லை. ஏற்கெனவே பணத்தையும் மனத்தையும் கொட்டிவிட்டவருக்கு 'நான் ஏமாந்தேன்' என்று ஒப்புக்கொள்வது இன்னும் கொஞ்சம் பணம் அனுப்புவதைவிட வலிக்கிறது. 2025 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிற ஒரு சட்டம், அப்படிப்பட்டவரின் வங்கிப் பரிவர்த்தனையை முதலில் 30 நாள் வரை தடுத்துவைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. ஒரு மனநிலையை மனத்தில் வைத்தே எழுதப்பட்ட சட்டம் என்று இதைச் சொல்வேன்.

சரி, படிப்புக்கு எங்கே போவது? சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் உளவியல் இருக்கிறது. கடைசியில் சொன்னது வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குத் தோதானது. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயப் படிப்பாகவும் உண்டு. சான்றிதழில் பெரும்பாலும் 'உளவியல்' என்றுதான் இருக்கும். குற்றம் அதற்குள் ஒரு விருப்பப் பாடமாகவோ, இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பாகவோ வரும். அதில் ஏமாற்றமடைய வேண்டாம். பட்டப்படிப்பிலேயே குற்ற உளவியல் என்று தலைப்பில் போட்டிருக்கிற வெளிநாட்டுப் படிப்பைவிட, அடிப்படையை அகலமாகப் போட்டுவிட்டு முதுகலையில் அந்தப் பக்கம் திரும்புவது நல்லது என்பது என் கருத்து. தடயவியல் உளவியலில் முதுகலை படிக்கப் பலர் பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறார்கள். சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டில் இடம்பெறவும் முதுகலையும் மேற்பார்வையோடு செய்த பயிற்சியும் வேண்டும். எனவே நாலு வருடத்தில் முடிகிற கதை இல்லை. வீட்டில் இதை இப்போதே சொல்லிவிடுவது உத்தமம்.

முதலாண்டில் கொலைகாரன் வர மாட்டான். புள்ளியியல் வருவான். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் அவனைப் பார்த்தே வேறு துறைக்கு ஓடினார்கள். அவன் ஏன் வேண்டும் என்று கவினுக்கு இப்படிக் காட்டினேன். "ஒரு மறுவாழ்வுத் திட்டத்துல கலந்துக்கிட்டவங்கள்ல 80 சதவீதம் பேர் மறுபடி ஜெயிலுக்குப் போகலைன்னு விளம்பரம் வருது. நல்ல திட்டமா?" சூப்பர் என்றான். எந்தத் திட்டத்திலும் சேராதவர்களையும் கணக்கில் எடுத்தால் திரும்பிப் போகிறவர்கள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்டேன். இருபது என்றவன், தோசையைப் பிய்த்த கையோடு நிறுத்திவிட்டான். "அப்போ இந்தத் திட்டம் எதுவுமே செய்யலையா?" அதுவும் தெரியாது. ஆபத்து அதிகமுள்ளவர்களை மட்டும் எடுத்து 80 காட்டியிருந்தால் அது பெரிய சாதனை. திருந்த வேண்டும் என்று தானாக முன்வந்தவர்களை மட்டும் எடுத்திருந்தால் அது ஒன்றுமே இல்லை. இந்த மாதிரிக் கேள்வியை நாலு வருடம் விதவிதமாகக் கேட்கப் பழக்குவதுதான் படிப்பு. சமூக உளவியல், வளர்ச்சி உளவியல், அறிதல் உளவியல், மூளை பற்றிய பாடம் எல்லாம் வரும். ஆனால் முதுகெலும்பு இதுதான்.

வேலைக்கு உள்துறை அமைச்சு, சிறைத்துறை, காவல்துறை, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு, மனநலக் கழகம் என்று கதவுகள் இருக்கின்றன. இடங்கள் எண்ணிக்கையில் அதிகம் இல்லை, பின்னணிச் சோதனை உண்டு, உபகாரச் சம்பளத்தில் போனால் வேலை ஒப்பந்தம் உண்டு. குடும்பச் சேவை நிலையங்கள் போன்ற சமூக சேவை அமைப்புகளில் இன்னும் கொஞ்சம் விசாலமான வாசல் இருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு, தன்னிடம் இப்போதே இருக்கிற தகுதி ஏதாவது உண்டா என்று கவின் கேட்டான். தமிழ் என்றேன். வயதான ஒருவர் எதிரே உட்கார்ந்து "மனசு சரியில்லம்மா" என்கிறார். அது தூக்கமில்லாத சோர்வா, வீட்டின் மேல் கோபமா, செய்ததை நினைத்து உறுத்தலா, கைகால் நடுங்கும் பயமா? ஆங்கிலத்தில் உருவான வினாத்தாளில் இவை நாலும் தனித்தனிக் கட்டங்கள். அவருக்கு ஒரே வாக்கியம். 'குற்ற உணர்வு இருக்கிறதா?' என்று மொழிபெயர்த்துக் கேட்டால், "நான் ஒத்துக்கிட்டேனே" என்று வழக்கைப் பற்றிப் பதில் சொல்வார். "நெனச்சா நெஞ்சு குத்துதாய்யா?" என்று கேட்டால்தான் அந்தப் பேச்சு தொடங்கும். அதற்கு மொழிபெயர்ப்பாளர் போதாது.

கவின் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "தமிழ், ஜூனியர் காலேஜ் பரீட்சையோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன் அத்தை" என்றான்.